ஜப்பானிய ஸ்டேக்ஹவுஸ் தெளிந்த சூப்: எங்கே கெட்டது, எப்படிச் சரிசெய்வது

அமெரிக்காவில் ஜப்பானிய ஸ்டேக்ஹவுஸுக்குப் போனால், இரும்புக் கல் முன்னால் உட்கார்ந்து, சமையல்காரர் கரண்டியைச் சுழற்ற ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு சின்னக் கிண்ணத்தில் சூப் வந்துவிடும். இளந்தேயிலை நிறம், கிண்ணத்தின் அடி தெரிகிற தெளிவு, மேலே நாலைந்து காளான் சீவல், கொஞ்சம் வெங்காயத்தாள், ஒரு சிட்டிகை பொரித்த வெங்காயம். பார்க்க ஒன்றுமே இல்லாத சூப். ஒன்றுமே இல்லாததால்தான் சின்னக் கோளாறும் பளிச்சென்று தெரிகிறது.

கீழே அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் சட்டியில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் முடிகிற வேலை முதலில், செலவும் நேரமும் பிடிக்கிற வேலை கடைசியில். எந்தக் கோளாறாக இருந்தாலும், சூப்பில் எதையாவது கூடுதலாகப் போடுவதற்கு முன் அடுப்புத் தீயைப் பாருங்கள். பெரும்பாலான கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

## ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு

தண்ணீர் 3 லிட்டர். கோழி ஒன்றரைக் கிலோ: இறக்கை, முதுகெலும்பு, கால் பாதம் கலந்து. மாடு சாப்பிடுபவர்கள் அரைக் கிலோ மாட்டெலும்பும் சேர்க்கலாம். அதைக் கோழிக்கு இரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். பெரிய வெங்காயம் 2, கேரட் 1, செலரித் தண்டு 2, பூண்டு 6 பல், கட்டைவிரல் நீளத்துக்கு இஞ்சி, காளான் காம்பு ஒரு கைப்பிடி.

வெங்காயத்தையும் பூண்டையும் ஒரு ஸ்பூன் எண்ணெயில் பொன்னிறமாக வதக்கித் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கோழியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பேற்றி, மேலே வரும் நுரையை எடுத்தபின் காய்களைச் சேர்த்து, மூடாமல் மூன்று மணி நேரம் சிம்மில் வைத்தால், வடித்தபின் ஏறக்குறைய 2 லிட்டர் நிற்கும். உப்பு கடைசியில்.

அவசரத்துக்குக் கடையில் வாங்கிய ஸ்டாக் (எலும்பும் காயும் வேகவைத்து வடித்த சாறு) என்றால், கோழி ஸ்டாக் 1 லிட்டர், மாட்டு ஸ்டாக் அரை லிட்டர், மேலே சொன்ன காய்களில் பாதி, 40 நிமிடம். இதுவும் மோசமில்லை, கடை ஸ்டாக்குக்கென்றே உள்ள கோளாறுகளை உப்புத் தலைப்பில் பார்க்கலாம்.

## சூப் கலங்கிவிட்டது

இதுதான் அடிக்கடி வரும் கோளாறு. கலங்கல் ஒரே வகையில்லை என்பதால் முதலில் எந்த வகை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளரில் சூடான சூப்பை ஊற்றி, அசைக்காமல் கால் மணி நேரம் வையுங்கள். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள்.

### அடியில் வண்டல் படிந்து, மேலே தெளிந்திருந்தால்

நல்ல செய்தி. கரையாத துகள்தான் பிரச்சினை. பெரும்பாலும் வடிகட்டும்போது காயையும் கோழியையும் கரண்டியால் அழுத்திப் பிழிந்திருப்பீர்கள். கடைசிச் சொட்டு வரை வீணாகக் கூடாது என்று கை தானாக அழுத்தும். அந்தக் கடைசி அரை டம்ளர்தான் மொத்தத்தையும் கலக்கிவிடுகிறது. கேரட்டும் செலரியும் மூன்று மணி நேரத்தில் குழைந்து, தொட்டாலே மாவாக உதிரும் நிலையில் இருக்கும்.

சட்டியை அப்படியே அரைமணி நேரம் ஆடாமல் விட்டு, மேலிருந்து கரண்டியால் மொண்டு வடிகட்டுங்கள். கவிழ்த்து ஊற்ற வேண்டாம். அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம் விட்டுவிடுங்கள். அது மறுநாள் குழம்புக்கோ சாதம் வடிக்கவோ ஆகும். வடிகட்டியின் மேல் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியை நாலாக மடித்துப் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் காபி ஃபில்டர் தாள். மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் இறங்கும்.

### மேலே எண்ணெய் ஒதுங்கி, கீழே தெளிந்திருந்தால்

கொழுப்பு மட்டும்தான். சூப்பை ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தால் கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்து நிற்கும், கரண்டியால் தூக்கிவிடலாம். உடனே வேண்டுமென்றால் ஸ்டீல் கரண்டியின் குழியில் ஐஸ்கட்டி போட்டு, கரண்டியின் அடிப்பக்கத்தை மட்டும் சூப்பின் மேல் உரசிக்கொண்டே போங்கள். கொழுப்பு கரண்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும்; துடைத்துத் துடைத்து எடுக்கலாம்.

எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டாம். நாலைந்து பொட்டு எண்ணெய் கிண்ணத்தில் மிதந்தால்தான் மணம் தூக்கும்.

### கால் மணி ஆகியும் ஒரே சீராக, பால் கலந்த மாதிரி இருந்தால்

இதுதான் கஷ்டமான வகை. கொழுப்பு மிக நுண்ணிய துளிகளாக உடைந்து சூப்போடு கலந்துவிட்டது. எவ்வளவு நேரம் வைத்தாலும் பிரியாது. காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் தீ. சூப் தளதளவென்று கொதித்ததா? சரியான கொதி என்பது நொடிக்கு ஒன்றிரண்டு குமிழி மட்டும் மேலே வந்து உடைவது. தெர்மாமீட்டர் இருந்தால் 90 முதல் 95 டிகிரி செல்சியஸ். பத்து நிமிடம் முழுக்கொதி கொதித்தாலும் போதும், கதை முடிந்தது.

அடுத்தது மூடி. தீ குறைவாகவே இருந்தாலும் தட்டுப் போட்டு மூடினால் உள்ளே சூடு ஏறி முழுக்கொதிக்குப் போய்விடும். திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் பாதி மூடுங்கள்.

மூன்றாவது, நம் வீடுகளுக்கென்றே உள்ள காரணம்: விசில் குக்கர். பிரஷர் குக்கரில் தெளிந்த சூப் வராது என்று பலரும் சொல்வார்கள். வரும். அழுத்தம் நிலையாக இருக்கும்வரை உள்ளே கொதி அடங்கித்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு விசிலுக்கும் அழுத்தம் சட்டென்று இறங்க, உள்ளே ஒரு பெருங்கொதி எழுகிறது. எட்டு விசில் விட்டால் எட்டு முறை கடைந்த மாதிரி. அழுத்தம் ஏறியதும், வெயிட் லேசாக உஸ்ஸென்று சொல்லும்போதே சிம்முக்குக் குறைத்து, விசிலே வராமல் 45 நிமிடம் வையுங்கள். அணைத்தபின் அழுத்தம் தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கிவிடக் கூடாது. மின்சாரப் பிரஷர் குக்கரிலும் ஆவியைத் திறந்து விடாமல் தானாக இறங்க விட்டால் இதே தெளிவு கிடைக்கும்.

நாலாவது, சூப் கட்டியோ தூளோ சேர்த்தீர்களா? அட்டையின் பின்புறம் படியுங்கள். சோள மாவும் பாமாயிலும் பட்டியலில் இருந்தால், நீங்கள் என்ன செய்தாலும் அது கலங்கலாகத்தான் நிற்கும்.

கடைசியாக, நுரை. குளிர்ந்த தண்ணீரில் தொடங்காமல் கொதிக்கிற தண்ணீரில் கோழியைப் போட்டால், ரத்தமும் புரதமும் பெரிய நுரையாகத் திரண்டு மேலே வராமல் பொடிப்பொடியாக உறைந்து உள்ளேயே சுற்றும். முதல் அரைமணி நேரம் சட்டி பக்கத்திலேயே நிற்க வேண்டியது இதற்காகத்தான். நுரை முதலில் பழுப்பாக வரும், அப்புறம் வெளுக்கும், வெளுத்தபின் விட்டுவிடலாம்.

#### ஆன கலங்கலை மீட்க: முட்டை வெள்ளைக்கரு

கொழுப்பு எடுத்த, நன்றாக ஆறிய 1 லிட்டர் சூப்புக்கு இரண்டு வெள்ளைக்கரு. லேசாக நுரைக்க அடித்து, குளிர்ந்த சூப்பில் கலந்து, மிதமான தீயில் வையுங்கள். விரல் தாங்காத சூடு வரும்வரை, அதாவது 50 டிகிரி வரை, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். அதற்குப் பிறகு கரண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். இனி கிளறினால் எல்லாம் வீண்.

வெள்ளைக்கரு மெல்ல இறுகி, கலங்கலைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, அழுக்கு வெள்ளையில் ஒரு அடையாக மிதக்கும். பார்க்கச் சகிக்காது, பயப்பட வேண்டாம். ஓரத்தில் கரண்டி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, சிம்மில் 20 நிமிடம் விடுங்கள். ஓட்டை வழியாகப் பார்த்தால் கீழே சூப் பளிங்காகத் தெரியும். அந்த ஓட்டை வழியாகவே மொண்டு, ஈரத்துணியில் வடியுங்கள்.

கலங்கலோடு கொஞ்சம் ருசியும் போய்விடும். அதை ஈடுகட்ட வெள்ளைக்கருவோடு 100 கிராம் கோழிக் கொத்துக்கறியைப் பிசைந்து சேர்ப்பார்கள். விருந்தாளி வருகிற நாளில் சேருங்கள். வீட்டுக்கு மட்டும் என்றால் தேவையில்லை.

#### முட்டை வேண்டாம் என்றால்: உறையவைத்து உருக்குவது

சூப்பைக் கட்டியாக உறையவைத்து, துணி விரித்த வடிகட்டியில் அந்தக் கட்டியை வைத்து, கீழே பாத்திரம் வைத்து, ஃபிரிட்ஜுக்குள்ளேயே உருக விடுங்கள். ஒன்று இரண்டு நாள் ஆகும். சொட்டுச் சொட்டாகக் கண்ணாடி மாதிரி இறங்கும். ஜெலட்டினும் கொழுப்பும் துணியில் தங்கிவிடும். வெளியே மேசையில் வைத்து உருக்கக் கூடாது, வேகமாக உருகினால் வடிகட்டாது, கெட்டும் போகும்.

எலும்பில் ஜெலட்டின் இறங்கிய சூப்புக்குத்தான் இது வேலை செய்யும். கடை ஸ்டாக் பெரும்பாலும் ஜெலட்டின் குறைவானது. உருகினால் கலங்கலோடு அப்படியே வழிந்துவிடும்.

### சூடாக இருந்தால் தெளிவு, ஆறினால் கலங்கல்

கோளாறே இல்லை. ஜெலட்டினும் மிச்சக் கொழுப்பும் ஆறும்போது மங்கலாகத்தான் தெரியும். சூடாக்கிப் பாருங்கள், தெளிந்தால் பரிமாறுங்கள்.

### கிண்ணத்தில் ஊற்றிய பிறகு கலங்குகிறது

பொரித்த வெங்காயத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கடைகளில் டப்பாவில் வரும் பொரித்த வெங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு பூசியிருக்கும். சூப்பில் விழுந்த இரண்டு நிமிடத்தில் மாவு கரைந்து வெளியே வரும். சின்ன வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, மாவில்லாமல் பொரித்து, தாளில் எண்ணெய் ஒற்றி எடுத்துக்கொள்ளுங்கள். பிரியாணிக்கென்று விற்கும் பொரித்த வெங்காயத்தில் மாவு இல்லாவிட்டாலும் எண்ணெய் கசியும். ஒற்றாமல் போட்டால் படலம் கட்டும்.

### சிம்மில் வைத்தும் கொதி அடங்கவில்லை

பாத்திரத்தைச் சின்ன பர்னருக்கு மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பர்னருக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு பழைய இரும்புத் தோசைக்கல்லை வையுங்கள். அடி கனத்த பெரிய பாத்திரமும் உதவும்; மெல்லிய பாத்திரத்தில் நடுப்பகுதி மட்டும் தனியாகக் கொதித்துக்கொண்டிருக்கும்.

மின்சாரச் சுருள் அடுப்பு விட்டுவிட்டு எரிவதுதான் வழக்கம். ஆனால் நாபைக் குறைந்த எண்ணில் வைத்தும் சுருள் அணையாமல் சிவந்தே நின்றால், நாபுக்குப் பின்னாலுள்ள ஸ்விட்ச் போய்விட்டது என்று பொருள். அது நம் வேலை இல்லை. பிளக்கையோ பிரேக்கரையோ அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். கேஸ் அடுப்பில் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து, பர்னரைக் கழுவிக் காயவைத்த பிறகும் மாறாவிட்டாலும் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். கேஸ் வாடையே அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே போய், அங்கிருந்து கேஸ் கம்பெனிக்கு ஃபோன் செய்யுங்கள்.

## சப்பென்று, வெந்நீர் குடிப்பதுபோல் இருக்கிறது

ஒரு சின்னக் கிண்ணத்தில் நாலு ஸ்பூன் சூப் எடுத்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடித்துப் பாருங்கள். ருசி எழுந்தால் உப்புதான் குறை. லிட்டருக்கு 8 கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூள் உப்பு ஒரு மட்ட டீஸ்பூன் 6 கிராம். பரல் பெரிதான கோஷர் உப்பு என்றால் அதே டீஸ்பூனில் வகைக்கு ஏற்ப 3 கிராமும் இருக்கலாம், 5 கிராமும் இருக்கலாம். ஸ்பூனை நம்பாமல் தராசில் நிறுப்பது நல்லது. சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூனில் ஏறக்குறைய இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது, அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

உப்பு போட்டும் எழவில்லையா? தண்ணீர் கூடிவிட்டது. வடிகட்டிய சூப்பைத் திறந்த பாத்திரத்தில், கொழுப்பு எடுத்த பிறகு, கால் பங்கு வற்றும்வரை சிம்மில் வையுங்கள். உப்பு போடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வற்றவைத்தும் கனம் இல்லாவிட்டால் கறியின் ரகம்தான் காரணம். நெஞ்சுக்கறியில் மட்டும் செய்தால் எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் அப்படித்தான் இருக்கும். தோலும் குருத்தெலும்பும் இருந்தால்தான் உதட்டில் ஒட்டுகிற கனம் வரும். அடுத்த முறை கோழிக்கால் பாதம் நாலு சேருங்கள். சீனக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும்.

அஜினோமோட்டோ பற்றி எப்படியும் ஒருவர் கேட்பார். 1908-ல் கிகுனே இகேடா கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டிய அதே சுவைதான். லிட்டருக்குக் கால் டீஸ்பூன் போட்டால் வித்தியாசம் தெரியும். வேண்டாம் என்பவர்கள் காளான் காம்பை இரட்டிப்பாக்குங்கள்.

## உப்பு கரிக்கிறது

வீட்டில் எலும்பு வேகவைத்த சூப்பில் இது வருவது அபூர்வம். கடை ஸ்டாக்கில்தான் வரும். சாதாரண ஸ்டாக் ஒன்றின் அட்டையைப் பாருங்கள்: ஒரு கப்புக்கு, அதாவது 240 மில்லிக்கு, 800 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் எடை. அதாவது பெட்டியைத் திறக்கும்போதே முழு உப்பு இருக்கிறது. 40 நிமிடம் வற்றவைத்து, மேலே சோயா சாஸும் ஊற்றினால் கரிக்காமல் என்ன செய்யும்?

வாங்கும்போது 'லோ சோடியம்' என்று எழுதியதை எடுங்கள். அமெரிக்கச் சட்டப்படி ஒரு பரிமாறலுக்கு 140 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 'ரெட்யூஸ்ட் சோடியம்' என்றிருப்பது வேறு. வழக்கமானதைவிடக் குறைந்தது கால் பங்கு கம்மி, அவ்வளவுதான். அட்டையின் முன்பக்கம் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம்.

ஆகிவிட்டதைச் சரிசெய்ய ஒரே வழி, உப்பில்லாத ஸ்டாக்கோ தண்ணீரோ சேர்ப்பது. லிட்டருக்கு 12 கிராம் ஆகிவிட்டது என்றால் 8-க்குக் கொண்டுவர அரை லிட்டர் வேண்டும். உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துவிடும் என்பார்கள். உருளை தான் குடிக்கிற சூப்பை உப்போடு சேர்த்துத்தான் குடிக்கிறது. மிஞ்சிய சூப்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும், மாவு கசிந்து கலங்கல் வேறு சேரும். எலுமிச்சை பிழிவதும் வேண்டாம், அது வேறு சூப்பாகிவிடும்.

## கசக்கிறது

வதக்கிய சட்டியின் அடியைப் பாருங்கள். கறுப்புப் பொட்டு இருந்தால் பூண்டு தீய்ந்திருக்கிறது. வெங்காயம் பொன்னிறம் ஆக 15 நிமிடம் பிடிக்கும், பூண்டுக்கு ஒன்றரை நிமிடம் போதும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பூண்டு கருகித்தான் தீரும். பூண்டைக் கடைசியில் போடுங்கள்.

அடி சுத்தமாக இருந்தால் செலரி இலையையும் வெங்காயத் தோலையும் சந்தேகப்படுங்கள். நிறத்துக்காகத் தோல் போடுபவர்கள் ஒரு வெங்காயத்தின் தோலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அதுவும் இல்லை என்றால் கோழி முதுகெலும்பு. அதைத் திருப்பி, உள்பக்கம் வால் எலும்புக்குக் கொஞ்சம் மேலே பாருங்கள். இருபுறமும் எலும்புக் குழிக்குள் அடர்சிவப்பாக, மெத்தென்று ஏதோ ஒட்டியிருக்கும். அது சிறுநீரகம். கறிக்கடையில் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். கட்டைவிரல் நகத்தால் நெம்பினால் வந்துவிடும், குழாயடியில் கழுவிவிடுங்கள். கசப்புக்கும் கலங்கலுக்கும் வாடைக்கும் இது ஒன்றே போதும்.

கசப்பு ஏறிவிட்டால் முழுசாக இறக்க முடியாது. சர்க்கரை போட்டால் கசப்போடு தித்திப்பும் சேரும். லேசான கசப்பை உப்பு கொஞ்சம் அடக்கும். உப்பு குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரியாக்குங்கள். கசப்பு தொண்டையில் நிற்கிறது என்றால் கொட்டிவிடுங்கள்.

## கவிச்சி வாடை

கோழியையும் எலும்பையும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் ஐந்து நிமிடம் விட்டு, அந்தத் தண்ணீரை முழுக்கக் கொட்டி, ஒவ்வொரு துண்டையும் கழுவி, சட்டியையும் கழுவிப் புதுத் தண்ணீரில் தொடங்குங்கள். ஸ்டாக்கின் ருசி கொஞ்சம் குறையும் என்று சிலர் இதைத் தவிர்ப்பார்கள். இந்தச் சூப்புக்கு நான் கழுவுகிற கட்சி.

ஏற்கெனவே வாடை வந்துவிட்டால், நசுக்கிய இஞ்சி இரண்டு துண்டும் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் போட்டுப் பத்து நிமிடம் சிம்மில் வைத்து எடுத்துவிடுங்கள். ஃப்ரீசரில் மாதக்கணக்கில் கிடந்த கோழியின் சிக்கு வாடைக்கு இது உதவாது.

## நிறம் சரியில்லை

வெளுத்திருந்தால் வெங்காயம் போதுமான அளவு வதங்கவில்லை. வடித்த சூப்புக்கு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சோயா சாஸ் போதும். கறுத்துவிட்டால் சோயா சாஸ் அதிகம். உப்புக்காக அதை ஊற்றாமல், உப்புக்கு உப்பையே போடுங்கள். ஜப்பானியக் கடைகளில் உசுகுச்சி என்று ஒரு வகை கிடைக்கும். நிறம் வெளிர், ஆனால் உப்பு சாதாரண சோயாவைவிடக் கூடுதல். அளவைக் குறைத்து ஊற்றுங்கள்.

## காளான் கறுத்துப்போகிறது, ரப்பராகிறது

காளானைச் சூப்பில் போட்டுக் கொதிக்கவிடாதீர்கள். பரிமாறும் நேரத்தில் தாள் மாதிரி சீவி, கிண்ணத்தில் போட்டு, அதன்மேல் ஆவி பறக்கும் சூப்பை ஊற்றினால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். பச்சை வாசனை அடித்தால் சீவல் கனம் அல்லது சூப்பில் சூடு போதவில்லை. பொரித்த வெங்காயம் கடைசியில், மேசைக்கு வந்த பிறகு.

## எல்லாம் சரி, ஆனால் உணவகத்துச் சுவை வரவில்லை

எந்தக் குறிப்பைப் பார்த்துச் செய்தீர்கள் என்று முதலில் சரிபாருங்கள். 'ஜப்பானியத் தெளிந்த சூப்' என்று தேடினால் கொம்புவும் உலர்ந்த பொனிட்டோ மீன் சீவலும் போட்ட தாஷி என்ற சாற்றில் செய்யும் சுய்மோனோ வந்து நிற்கும். ஜப்பானில் அதுதான் தெளிந்த சூப், அருமையானது. ஆனால் ஸ்டேக்ஹவுஸில் நீங்கள் குடித்தது அது இல்லை. இரும்புக் கல்லில் ஸ்டேக் வாட்டும் பாணியை 1945-ல் கோபே நகரத்தில் மிசோனோ தொடங்கியது. 1964-ல் ரொக்கி அவோகி நியூயார்க்கில் பெனிஹானாவைத் திறந்தபின் அது அமெரிக்கா முழுக்கப் பரவியது. அமெரிக்க நாக்குக்காக வளர்ந்த உணவகத்தில் சூப்பும் கோழி, மாடு, வெங்காயம் என்றுதான் வந்தது. மீன் வாசனை உங்கள் சூப்பில் இருந்தால் கோளாறு கைப்பக்குவத்தில் இல்லை, குறிப்பில் இருக்கிறது.

சரியான குறிப்புதான் என்றால் வெங்காயத்தைப் பாருங்கள். பச்சையாகப் போட்டிருந்தால் அந்த மணம் வராது. அப்புறம் பரிமாறும் சூடு: உணவகத்தில் உதடு சுடுகிற சூட்டில் வரும், வீட்டில் பாதி ஆறிவிடுகிறது. கிண்ணங்களை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வையுங்கள். இதற்குமேலும் ஏதோ குறைகிறது என்றால் அது உணவகங்களுக்கென்று பெரிய டப்பாவில் விற்கும் சூப் பேஸின் ருசியாக இருக்கலாம். வீட்டில் அதற்குப் பின்னால் ஓடுவது வீண் என்பது என் கருத்து.

## சைவமாகச் செய்தேன், வழவழப்பாகிவிட்டது

கொம்புவைக் கொதிக்கவிட்டிருக்கிறீர்கள். லிட்டருக்கு 10 கிராம் கொம்புவைக் குளிர்ந்த தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, மெல்லச் சூடாக்கி, கொதி வருவதற்கு முன் எடுத்துவிடுங்கள். அதன்பின் உலர்ந்த ஷிட்டாகே காளான் நாலு, வதக்கிய வெங்காயம், இஞ்சி, கேரட் போட்டு 40 நிமிடம். முட்டைக்கோஸ், பிராக்கோலித் தண்டு இரண்டும் வேண்டாம், கந்தக வாடை வரும். சைவக்காரர்கள் உணவகத்தில் இந்தச் சூப் வந்தால் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது. கண்ணுக்குக் காய் மட்டும் தெரிந்தாலும் அடிப்படை கோழியோ மாடோதான்.

## ஃபிரிட்ஜில் வைத்தது கெட்டதா?

அல்வா மாதிரி ஆடினால் அது ஜெலட்டின், நல்ல சூப். சூடாக்கினால் இளகிவிடும். புளித்த வாடை, குமிழி, நூல் விடுவது, இதில் எது இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

வடித்த சூப்பைப் பெரிய சட்டியோடு ஃபிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். சிங்க்கில் ஐஸ் தண்ணீர் நிரப்பிச் சட்டியை அதில் வைத்துக் கிளறி, சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். மூன்று நாலு நாள் தாங்கும். அதற்குமேல் என்றால் ஃப்ரீசர்.

ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே மறந்துவிட்டீர்களா? காலையில் கொதிக்கவைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று குழம்பைச் சுண்டவைக்கும் பழக்கத்தில் தோன்றும். வேண்டாம். கிருமி செத்தாலும், அது விட்டுவைத்த நஞ்சு சில சமயம் கொதியில் அழியாது.

குடித்துவிட்டு வயிற்றைக் கலக்கினால் நிறையத் தண்ணீர் குடியுங்கள். மலத்தில் ரத்தம், 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, மூன்று நாளைத் தாண்டிய பேதி, இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போய்விடுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள் என்றால் இவ்வளவு நேரமும் காத்திருக்க வேண்டாம். சூப் எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, எத்தனை மணிக்குக் குடித்தீர்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள்.